உமணர் எங்கே போனார்கள்? மரக்காணம் உப்பளக் கரையில் தொலைந்த ஒரு பெயர்

ஜெர்மனியில் உப்புக் காய்ச்சும் தொழில் சுருங்கிவிட்டது. அந்தத் தொழிலைச் சொல்லும் குடும்பப் பெயர் இன்னும் இருக்கிறது. நம் மரக்காணத்திலோ உப்பு விளைந்துகொண்டே இருக்கிறது. அதைச் சுமந்தவர்களின் பெயர்தான் காணாமல் போய்விட்டது!

கோவையில் 'சால்சர்' என்ற பெயரில் ஒரு மின்கருவி நிறுவனம் இருக்கிறது. தொழிற்சாலை இயந்திரங்களில் பொருத்தும் சுழல் சுவிட்சுகளுக்குப் பேர் போனது. எண்பதுகளில் ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கியதால் வந்த பெயர் அது. மின்சாரத்துக்கும் அந்தப் பெயரின் பொருளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஜெர்மன் மொழியில் 'ஸல்ட்ஸ்' என்றால் உப்பு. 'ஸெல்ட்ஸர்' என்றால் உப்புக் காய்ச்சுபவர், உப்பு விற்பவர். அது அங்கே ஒரு குடும்பப் பெயர்.

இதே பொருளில் தமிழிலும் ஒரு பெயர் இருந்தது. உமணர். ஜெர்மனியில் குடும்பப் பெயர்கள் நிலைபெறுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே சங்கப் பாடல்களில் இடம்பிடித்த பெயர். ஆனால் இன்று உங்கள் கைபேசியில் இருக்கும் ஆயிரம் எண்களில் ஓர் உமணர்கூட இருக்க மாட்டார். தமிழ்நாட்டு அரசின் சமூகப் பட்டியல்களிலும் அந்தப் பெயர் இல்லை.

ஒரு தொழிலின் பெயர் ஓரிடத்தில் ஏன் ஒட்டிக்கொள்கிறது, இன்னோரிடத்தில் ஏன் உதிர்ந்துபோகிறது? விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் - மரக்காணம் கரையில் அதற்கு விடை தேடலாம்.

ஷூமாக்கரும் முல்லரும்

முதலில் ஜெர்மனி. கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கரை எல்லோருக்கும் தெரியும். 'ஷூமாக்கர்' என்றால் செருப்பு தைப்பவர். கால்பந்து வீரர் தாமஸ் முல்லரின் 'முல்லர்' என்றால் மாவு ஆலைக்காரர். 'ஷ்மிட்' என்றால் கொல்லர், 'ஷ்னைடர்' என்றால் தையற்காரர், 'ஃபிஷர்' என்றால் மீனவர்.

ஏறக்குறைய 12-ம் நூற்றாண்டு முதல் 15-ம் நூற்றாண்டு வரை ஜெர்மானிய நகரங்கள் வளர்ந்தன. ஒரே தெருவில் ஐந்து 'ஹான்ஸ்' இருந்தால் வரி எழுதுபவருக்குத் தலைவலி. எந்த ஹான்ஸ்? ஆலைக்கார ஹான்ஸா, கொல்லன் ஹான்ஸா? அடையாளத்துக்காகச் சேர்த்த தொழில் அப்படியே பதிவேட்டில் ஏறியது. மகன் வேறு தொழிலுக்குப் போன பிறகும் பெயர் மட்டும் மாறவில்லை. இன்று ஜெர்மனியில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் முல்லர்தான்.

அப்படியானால் உப்புக்காரரின் பெயர் மட்டும் ஏன் அரிது? காரணம் எளிமையானது. மாவு ஆலையும் கொல்லுப்பட்டறையும் ஊருக்கு ஊர் இருந்தன. உப்பு ஊற்று அப்படி இல்லை. கடலுக்குத் தொலைவில் இருந்த ஜெர்மானிய ஊர்களில், நிலத்தடியிலிருந்து உப்புநீர் ஊறிய சில இடங்களில் மட்டுமே அந்த நீரைப் பெரிய இரும்புச் சட்டிகளில் ஊற்றி, விறகு எரித்துக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். வெர்ல், ஹாலே, ஷ்வேபிஷ் ஹால் போன்ற நகரங்கள் அப்படி வளர்ந்தவைதான்.

அங்கேயும் எல்லோராலும் காய்ச்சிவிட முடியாது. வெர்ல் நகரத்தில் உப்புக் காய்ச்சும் உரிமை குறிப்பிட்ட சில குடும்பங்களுக்கு மட்டுமே பரம்பரையாக இருந்தது. அவர்களுக்குப் பெயரே 'பரம்பரை உப்புக்காரர்கள்'. தகப்பன் வழியில் மகனுக்கு மட்டுமே போகும் அந்த உரிமையை அவர்கள் காபந்து செய்தார்கள். செல்வாக்கான நகரப் பிரமுகர்களாக வாழ்ந்தார்கள். ஹாலேயின் உப்புத் தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு சகோதர சங்கம் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. வெள்ளிக் குமிழ்ப் பொத்தான் வைத்த பாரம்பரிய அங்கியோடு விழாக்களில் தோன்றுகிறது.

ஆக, ஆள் குறைவு, பெயரும் குறைவு. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் உரிமை இருந்தது, சொத்து இருந்தது, அதை எழுதி வைத்த காகிதம் இருந்தது. அதனால்தான் அடுப்பு அணைந்த பிறகும் பெயர் அணையவில்லை.

உப்பு நகரமான ஹாலேக்கும் தமிழுக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய சீகன்பால்க் படித்தது அங்கேதான். அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716-ல் அச்சானதும் ஹாலேயில்தான். தமிழ் எழுத்துக்கு ஈயம் உருக்கிய ஊர், உப்புக்காரர்களின் ஊர்!

மாட்டு வண்டியில் ஒரு வாழ்க்கை

இனி நம் உமணர்கள். சங்கப் பாடல்களில் அரசர்களும் புலவர்களும் பெயரோடு வருகிறார்கள். உமணர்கள் கூட்டமாகத்தான் வருகிறார்கள். ஆனால் அவர்களின் அன்றாட வாழ்க்கையைப் புலவர்கள் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் எழுதியிருக்கிறார்கள்.

அம்மூவனார் பாடிய அகநானூற்றின் 140-ம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கழிக்கரையில் பரதவர்கள் உப்பு விளைவிக்கிறார்கள். ஏர் பூட்டி உழாமலே விளைகிற வயல் அது. அந்த உப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வெயிலில் வெடித்துக் கிடக்கும் குன்றுகளைத் தாண்டி உள்நாட்டுக்குப் போகிறவர்கள் உமணர்கள். அவர்களில் ஒருவரின் மகள் தெருவில் வளையல் ஒலிக்கக் கைவீசி நடந்து, நெல்லுக்குச் சரியளவு உப்பு என்று விலை கூவுகிறாள். பழக்கமில்லாத குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது, அவள் மிரள்கிறாள். அந்த மிரண்ட பார்வையில் விழுந்த ஓர் இளைஞன் விடும் பெருமூச்சுக்குப் புலவர் சொல்லும் உவமை, சேற்றில் புதைந்த உப்பு வண்டியை முக்கி இழுக்கும் அவளுடைய அப்பாவின் எருது!

ஒரு படி நெல்லுக்கு ஒரு படி உப்பு. பணம் கைமாறாத வியாபாரம். நற்றிணையின் 183-ம் பாடலிலும் இதே பண்டமாற்று வருகிறது: ஒரு நாட்டில் விளைந்த வெண்ணெல் போகிறது, இன்னொரு நாட்டின் உப்பு வருகிறது. நடுவில் நிற்பவர் உமணர்.

பெரும்பாணாற்றுப்படை காட்டும் உப்பு வண்டியில் ஊறுகாய்ப் பானை கட்டித் தொங்குகிறது. குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். ஆண்கள் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். வண்டிதான் அவர்களுக்கு வீடு, கடை, அடுப்பங்கரை எல்லாம். உமணப் பெண்களுக்கு 'உமட்டியர்' என்று தனிச் சொல்லே இருந்தது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வரிசைக்குப் பெயர் 'ஒழுகை'.

பாதை கரடுமுரடு. எங்கே அச்சு முறியும் என்று தெரியாது. அதனால் வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிவைத்திருப்பார்கள். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். இன்று கார் டிக்கியில் நாம் வைத்திருக்கும் ஸ்டெப்னிக்கு மூத்த அண்ணன்! அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ வந்த ஔவையார், 'நீ அந்தச் சேம அச்சு போன்றவன்' என்கிறார் புறநானூற்றில். ஆபத்தில் கைகொடுக்கிற ஒருவனுக்கு உமணரின் வண்டியிலிருந்து உவமை எடுக்க வேண்டும் என்றால், அந்த வண்டி மக்களுக்கு எவ்வளவு பழக்கமாக இருந்திருக்க வேண்டும்!

பாரியின் மகளிரும் இவர்களைப் பார்த்திருக்கிறார்கள். தந்தையை இழந்து நாட்டையும் இழந்த அந்தப் பெண்கள் ஒரு மேட்டில் ஏறி நின்று, தூரத்தில் போகும் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்ததாகக் கபிலர் நெஞ்சுருகப் பாடுகிறார். ஒரு காலத்தில் மலைமேல் நின்று, படையெடுத்து வந்த வேந்தர்களின் குதிரைகளை எண்ணிய பெண்கள் அவர்கள்.

எயிற்பட்டினம் முதல் உப்புவேலூர் வரை

இந்த உப்புப் பாதைகளில் ஒன்று மரக்காணம் கரையிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். சிறுபாணாற்றுப்படை சொல்லும் ஓய்மானாடு இந்தப் பகுதிதான். அதன் தலைவன் நல்லியக்கோடன். அவனைத் தேடிப் போகும் பாணனுக்குப் புலவர் நத்தத்தனார் சொல்லும் வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என ஊர்கள் வருகின்றன. கடற்கரையில் இருந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கோட்டை ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி என்றும் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள்.

நடுவில் வரும் வேலூர்? அது வானூர் பக்கத்து உப்புவேலூர் என்பது பலர் ஏற்ற கருத்து. பழைய பாட்டில் வெறும் வேலூராக இருந்த ஊருக்கு முன்னால் இன்று உப்பு வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனிதர்கள் பெயரிலிருந்து உதிர்ந்த உப்பு, ஊர்ப் பெயரில் தங்கிவிட்டது!

இது ஓர் ஊரின் கதை மட்டும் அல்ல. புதுச்சேரியில் உப்பளம், திருவாரூர் மாவட்டத்தில் பேரளம், தேனி மாவட்டத்தில் உப்புக்கோட்டை, கரூர் மாவட்டத்தில் உப்பிடமங்கலம், ராமநாதபுரம் கரையில் உப்பூர். 'அளம்' என்றாலே உப்பு விளையும் இடம்தான். கடலைப் பார்த்திராத ஊர்களிலும் உப்பின் பெயர் இருப்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கரையின் நிலமும் உப்புக்கென்றே அமைந்தது. வானூர், மரக்காணம் வட்டங்களில் விரிந்துகிடக்கும் கழுவெளி, தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு. 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,000 ஹெக்டேருக்கும் அதிகம். மழைக்காலத்தில் ஏரிகளின் உபரி நீர் அங்கே வந்து சேர்கிறது. கோடையில் கழிமுகம் வழியாகக் கடல்நீர் ஏறுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் ஓரத்தில்தான் மரக்காணத்தின் உப்பளங்கள்.

பெயருக்கு முன்னால் தொழில்

தமிழர்கள் தொழிலைப் பெயரோடு சேர்த்து எழுதியதே இல்லையா? எழுதியிருக்கிறார்கள். மதுரைக்குப் பக்கத்தில் அழகர்மலைக் குகையில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சமணத் துறவிகளுக்குக் கொடை கொடுத்தவர்களின் பட்டியல் அது. பொன்கொல்லன், உப்பு வணிகன், கொழு விற்கும் வணிகன், துணி விற்கும் அறுவை வணிகன் என்று தொழிலை முதலில் சொல்லி, பிறகு ஆளின் பெயரைச் சொல்கிறது கல்வெட்டு. ஜெர்மானிய வரிப் பதிவேட்டில் நடந்த அதே வேலை. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது.

இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஜெர்மனியில் தொழில் பெயர் ஒரு குடும்பத்தின் பெயராகச் சுருங்கியது. இங்கே தொழில் பெயர் ஒரு கூட்டத்தின் பெயராக விரிந்தது. காலப்போக்கில் பலவும் சாதிப் பெயராக இறுகின. குடும்பப் பெயர் ஒருவரை வீட்டோடு இணைத்தது. சாதிப் பெயர் ஒருவரை ஏணியின் ஒரு படியில் நிறுத்தியது. அந்த ஏணியில் உமணர் என்ற படியே இல்லாமல் போனது எப்படி?

உமணர் என்ற அடையாளம் மூன்று கால்களில் நின்றது: வண்டி, நெடுவழி, பண்டமாற்று. உப்பை விளைவித்தவர் வேறு, வாங்கித் தின்றவர் வேறு. நடுவில் நடந்தவர்தான் உமணர். ஊரில் சந்தைகள் பெருகி, வணிகக் குழுக்கள் வலுத்து, காசுப் புழக்கம் கூடியபோது உப்பும் மற்றச் சரக்குகளோடு ஒரு சரக்காகிவிட்டது. உப்பளங்களும் அரசின் கண்ணில் பட்டன. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'உப்பாயம்' என்று உப்புக்கான வரியே வருகிறது. உப்பை மட்டும் சுமக்கிற ஒரு கூட்டத்துக்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை. நிகண்டுகளிலும் உரைகளிலும் மட்டும் 'உமணர்' பத்திரமாக இருந்தது.

பெயரே குற்றமான கதை

பெயர் போனாலும் வேலை போகவில்லை. பிற்காலத்தில் அதே வேலையை வேறு மக்கள் செய்தார்கள். குறவர் சமூகத்தின் ஒரு பிரிவினர் கழுதைகள் மீதும் மாடுகள் மீதும் உப்பை ஏற்றிக்கொண்டு கடற்கரையிலிருந்து உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். திரும்பும்போது தானியம் கொண்டுவந்தார்கள். குடும்பமே கூட நடந்தது. சங்கப் பாட்டில் பார்த்த அதே காட்சிதான். அவர்களுக்கு 'உப்புக் குறவர்' என்று பெயர்.

1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமானது. விளைவித்த உப்பை அரசுக்குத்தான் கொடுக்க வேண்டும். அரசு வைத்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். அடுத்து கால்வாய் வந்தது. சென்னைக்குத் தெற்கே பக்கிங்ஹாம் கால்வாய் மரக்காணம் வரை நீண்டது. உப்பு படகில் ஏறியது. பிறகு ரயில் வந்தது. ஒரு கழுதைக் கூட்டம் பல நாள் நடந்து கொண்டுபோன சரக்கை ரயில் ஒரே இரவில் கொண்டுபோய் இறக்கியது. காடுகளில் மாடு மேய்க்கவும் தடைகள் வந்தன.

வேலை போன மக்கள் நடப்பதை நிறுத்தவில்லை. காலங்காலமாக நடந்தே பிழைத்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆனால் சரக்கு இல்லாமல் நடப்பவரை அரசு சந்தேகத்தோடு பார்த்தது. 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அமலுக்கு வந்தபோது, குறவர்கள் அதன் வலையில் சிக்கினார்கள். கைரேகை, காவல் நிலையத்தில் கையெழுத்து, ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு என்று பிறந்த குழந்தையும் அந்தப் பெயரைச் சுமந்தது. உப்பு வியாபாரம் முறிந்ததற்கும் இந்த முத்திரை விழுந்ததற்கும் உள்ள தொடர்பை வரலாற்று ஆய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா விரிவாக எழுதியிருக்கிறார்.

1952 ஆகஸ்ட் 31-ல்தான் நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது. இன்று தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் 'உப்புக் குறவர்' என்ற பெயர் இருக்கிறது. உப்பு சுமந்த மக்களின் பெயரை அரசுக் காகிதத்தில் தேடினால் கிடைக்கும் தடம் இது. ஒரு நாட்டில் உப்புக்காரர் என்ற பெயர் உரிமைப் பத்திரத்தில் ஏறியது. இன்னொரு நாட்டில் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறியது.

உப்பு எடுத்தவர்களுக்கும் இதே போன்ற கதைதான். ஆந்திரா, கர்நாடகாவின் உப்பாரர், தமிழகத்தின் உப்பிலியர் ஆகியோர் உவர் மண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி உப்பு எடுத்தவர்கள். வெள்ளையர் அரசு அந்த மண்ணுப்புக்குத் தடை போட்டதும் கட்டட வேலைக்கும் மண் வேலைக்கும் மாறினார்கள். பெயரில் உப்பு இருக்கிறது. கையில் கரணை இருக்கிறது.

உப்புக்கும் அரசுக்கும் நடந்த இந்த இழுபறியின் உச்சம்தான் 1930. ஏப்ரல் 13-ல் திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியின் பயணம் வேதாரண்யத்தில் முடிந்து, ஏப்ரல் 30-ல் தொண்டர்கள் உப்பு அள்ளினார்கள். சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 1947-ல் உப்பு வரி நீங்கியது. வரி போனது, ஆனால் உப்பு வண்டி திரும்பி வரவில்லை.

குஜராத்தில் இருக்கிறது, மும்பையில் இருக்கிறது

இந்தியாவில் எல்லா இடத்திலும் பெயர் போய்விடவில்லை. குஜராத்தின் சிறிய ரண் பாலைவனத்தில் உப்பு விளைவிப்பவர்கள் இன்றும் 'அகரியா'க்கள்தான். மும்பையைச் சுற்றியுள்ள கொங்கண் கரையில் 'ஆக்ரி' சமூகம் இருக்கிறது. இரண்டு பெயரும் உப்பளத்தைக் குறிக்கும் 'ஆகர்' என்ற சொல்லிலிருந்து வந்தவை.

பார்சிகள் இன்னும் ஒரு படி மேலே போய், புதுத் தொழில்களையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். கிரிக்கெட் வீரர்கள் ஃபரூக் இன்ஜினீயர், நரி கான்ட்ராக்டர் என்ற பெயர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது புதிதல்ல.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே பெயருக்குப் பின்னால் வந்த வால், பெரும்பாலும் சாதியின் வால். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. செங்கல்பட்டுக்கும் மரக்காணத்துக்கும் ரொம்ப தூரம் இல்லை. அதன் பிறகு தமிழர் பெயர் அப்பாவின் முதலெழுத்தோடு நின்றுகொண்டது. இப்போது அம்மாவின் முதலெழுத்தும் சேர்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைப் பார்த்து நாம் விழிப்பது இதனால்தான்.

இதில் இழப்பைவிட லாபம் அதிகம். பெயரைக் கேட்டதும் சாதியைக் கண்டுபிடிக்க முடியாத நிலை ஒரு சமூகத்துக்குப் பெரிய விடுதலை. ஆகவே உமணர் என்ற பட்டத்தை யாரும் மறுபடி பெயருக்குப் பின்னால் சூட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பட்டம் போவது வேறு. அந்தத் தொழிலைச் செய்தவர்கள் இருந்தார்கள் என்ற நினைவே போவது வேறு.

வெயிலில் விளைகிற வெள்ளை

மரக்காணத்தில் இன்று 3,000 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் உப்பளங்கள் இருக்கின்றன. தமிழகத்தில் தூத்துக்குடி கரைக்கு அடுத்து உப்புக்குப் பெயர் பெற்ற இடங்களில் இது ஒன்று. பொங்கல் முடிந்ததும் வேலை தொடங்கும். மழையில் கரைந்த வரப்புகளைச் சீர்செய்து, பாத்திகளின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். தரை இறுகினால்தான் உப்பு சேறு படாமல் வெள்ளையாக வரும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அந்த நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் சுண்ட வைக்க வேண்டும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக வற்றும்போதுதான் சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். சீக்கிரம் வாரினால் விளைச்சல் குறையும். தாமதித்தால் கசப்பு உப்புகள் சேர்ந்துவிடும். நீரின் கனத்தைப் பார்த்தும், நிறத்தைப் பார்த்தும் வாரும் நாளைச் சொல்லிவிடுவார்கள் அனுபவசாலிகள். ஜெர்மனியில் விறகும் இரும்புச் சட்டியும் செய்த வேலையை இங்கே சூரியன் இலவசமாகச் செய்கிறது. மனிதர்களுக்குத்தான் அது இலவசமில்லை.

விடியலுக்கு முன்பே வேலைக்கு இறங்குவார்கள். மதியத்து உப்பளம் கண்ணாடிபோல் வெயிலைத் திருப்பி அடிக்கும், கண் கூசும். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் உப்புநீர் அதை ஆற விடாது. பலகையால் வாரிய உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் குவிப்பவர்களில் பெண்கள் நிறையப் பேர். சித்திரை, வைகாசியில் ஒரு கோடை மழை பெய்தால் பல நாள் உழைப்பு சில நிமிடத்தில் கரைந்து ஓடும். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மூன்று மாதம் வேலையே இல்லை. அந்த மூன்று மாதத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தை 2022-ல் தமிழக அரசு தொடங்கியது.

அந்த நிவாரணப் பட்டியலில் அவர்களுக்கு உள்ள பெயர் 'உப்பளத் தொழிலாளி'. ஒரு வகையில் இது நல்ல பெயர். இதில் சாதி இல்லை, பிறப்பு இல்லை, செய்கிற வேலை மட்டுமே இருக்கிறது. பரம்பரை உரிமையும் இல்லை, பரம்பரைக் களங்கமும் இல்லை. ஆனால் வேலை இருக்கும் மாதத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு, மழையோடு கரைந்துவிடாமல் அந்தப் பெயருக்குக் கூலியும் கண்ணாடியும் காலணியும் மருத்துவமும் துணை நிற்க வேண்டும். வெர்ல் நகரத்து உப்புக்காரர் பெயர் நிலைத்தது பெயர் அழகாக இருந்ததால் அல்ல. அதற்குப் பின்னால் உரிமை இருந்ததால்தான்.

'உப்போ... உப்பு!'

நகரம் பழகிய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் ஐம்பதைத் தாண்டிய பலருக்கு உப்பு விற்பவரின் குரல் நினைவிருக்கும். மாட்டு வண்டியிலோ சைக்கிளிலோ மூட்டையோடு வந்து, தெருமுனையில் நின்று, 'உப்போ... உப்பு' என்று இழுத்துக் கூவுவார். படியில் அளந்து போடுவார். காசு இல்லாத வீட்டில் நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் உப்பைக் கொடுத்தவர்களும் உண்டு. அவர் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. 'உப்புக்காரர்' என்றால் போதும். கடைசி உமணர் அவர்தான் என்று சொல்லலாம்.

அயோடின் கலந்த உப்புப் பொட்டலம் மளிகைக் கடைக்கு வந்தது. 2006 மே மாதம் முதல், அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாகச் சாப்பிடுவதற்கென்று விற்கக் கூடாது என்ற விதி மறுபடி நடைமுறைக்கு வந்தது. முன்கழுத்துக் கழலையைத் தடுக்கப் போட்ட நல்ல விதிதான். ஆனால் படி அளந்த குரல் தெருவிலிருந்து மறைய அதுவும் ஒரு காரணம். ராமநாதபுரம் வாலிநோக்கத்தில் உப்பு எடுக்கும் தமிழக அரசின் உப்பு நிறுவனம், தன் பொட்டலத்துக்கு 'நெய்தல்' என்று பெயர் வைத்திருக்கிறது. ஐந்திணைகளில் கடலும் கடல் சார்ந்த நிலமும் இன்று சமையலறை அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் தொழில் பெயர் ஒன்று ஒளிந்திருக்கலாம். 'வண்டிக்காரர் வீடு', 'கணக்குப்பிள்ளை வீடு', 'உப்புக்காரர் வீடு' என்று ஊரில் உங்கள் வீட்டை எப்படிச் சொல்வார்கள் என்று தாத்தா பாட்டியிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத குடும்பப் பெயர் அது. கேட்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது, மரக்காணத்தில் வெள்ளைக் குவியல்களைப் பார்த்து வண்டியை நிறுத்திப் படம் எடுப்பீர்கள் அல்லவா? அந்தக் குவியலைத் தலையில் சுமந்து சேர்த்தவரிடம் அவர் பெயரையும் கேளுங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் புலவர்கள் கேட்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.